பாம்புக் கூடையும் பக்கத்து வீடும்



உட்பகையின் கொடுமையைச் சொல்ல வந்த வள்ளுவப் பெருந்தகை, மனம் ஒன்றாதவரோடு கூடி வாழ்வதற்கு ஓர் உவமை தேடினார். சிறு குடில் ஒன்றனுள் பாம்போடு சேர்ந்து குடியிருத்தலே அவர் கண்ட உவமை. அதனினும் அஞ்சத்தக்க வாழ்க்கை ஒன்றை மனிதர் எண்ணிப் பார்க்க மாட்டார் என்று அவர் கருதினார் போலும். கல்முனையிலோ, சாய்ந்தமருதிலோ, நிந்தவூரிலோ இரவு வேளையில் ஒரு வீட்டுக்குள் பாம்பு நுழைந்துவிட்டால், அவ்வுவமையின் பொருத்தத்தை எவருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. தாய்மார் பிள்ளைகளை வாரி எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு ஓடுவர். அயலவர் கைவிளக்கும் பொல்லுமாக வந்து கூடுவர். பாம்பு அகப்பட்டாலும் அகப்படாவிட்டாலும் அன்றிரவு அவ்வீட்டில் எவரும் கண்ணுறங்கார்.

ஆயினும், அந்தக் குடிலிலே மனமுவந்து குடியிருந்த மக்களும் இந்நாட்டில் உளர். பாம்பைக் கூடையில் வைத்து, அக்கூடையின் அருகிலே தம் குழந்தைகளை உறங்கச் செய்து, மறுநாட் காலையில் அதனையே தோளிற் சுமந்து, பாம்பென்றால் நடுங்கும் ஊர்களுக்குள் சென்று பிழைத்தவர்கள் அவர்கள். பாம்போடு வாழ்பவனுக்கும் பாம்புக்கு அஞ்சி வாழும் அயலானுக்கும் இடையே எத்தகைய உறவு இருத்தல் வேண்டும்? இன்றைய பேச்சு ஆராய விரும்புவது இவ்வொரு வினாவையே.

முதலில் ஒரு பழஞ்செய்தி. இலங்கையில் குடியேற்றச் செயலாளராய்ப் பணிபுரிந்த சேர் எமர்சன் டெனண்ட் என்பார், இந்நாட்டின் உயிரினங்களைப் பற்றி எழுதி 1861ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிலே விந்தையான ஒரு வீட்டைக் குறிப்பிடுகின்றார். தெருக்கள் அமைப்பதிற் புகழ்பெற்ற மேஜர் ஸ்கின்னர் அவருக்கு அறிவித்த செய்தி அது. நீர்கொழும்புப் பக்கத்திலே செல்வர் ஒருவர் வீட்டில் எப்பொழுதும் பெருந்தொகைப் பணம் இருந்ததாம். அதற்குக் காவலாக அவர் நாய் வளர்க்கவில்லை, நல்லபாம்புகளை வளர்த்தார். அவை வீடெங்கும் ஊர்ந்து திரிந்தன. வீட்டாரை அவை தீண்டியதில்லை. கள்வரோ அப்பக்கம் தலைவைத்தும் படுத்ததில்லை.

கதையைக் கேட்பவர் அச்செல்வரின் துணிவை வியப்பர். சற்று நின்று சிந்தித்தால் வேறொன்று புலப்படும். அவ்வீட்டுக்குப் பூட்டாய் இருந்தது பாம்பு அன்று; பிறருடைய அச்சமே. கள்வரைத் தடுத்த அதே அச்சம், நோயென்று உதவி கேட்டு வரும் அயலவரையும் வாசலிலே நிறுத்தியிருக்கும் அல்லவா? பாம்பு வளர்ப்பவன் தன் மகிழ்ச்சியை மட்டும் எண்ணுகிறான்; பாம்பைக் காண்கின்ற அயலானோ தன் உயிரை எண்ணுகிறான். சிக்கல் இங்கேதான் தொடங்குகின்றது.

இனி, நம் கரைக்கு வருவோம். அக்கரைப்பற்றிலிருந்து உள்நாட்டுப் பக்கமாகச் சென்றால், ஆலையடிவேம்புப் பிரதேசத்தில் அளிக்கம்பை என்னும் கிராமத்தை அடையலாம். அங்கு வாழ்வோர் வனக்குறவர். தமக்குள்ளே தெலுங்கின் ஒரு வழக்கைப் பேசுவர். வெளியாரோடு தமிழிற் பேசுவர். சிங்கள மக்கள் இவ்வினத்தாரை அஹிகுண்டிகர் என்பர். ‘அஹி’ என்பது பாம்பைக் குறிக்கும் பழஞ்சொல். பௌத்த ஜாதகக் கதைகளிலேயே, குரங்கும் பாம்பும் கொண்டு பிழைத்த ஒருவன் இப்பெயரால் வருகின்றான். ஆகவே இத்தொழில் இன்று நேற்றுத் தோன்றியது அன்று.

அளிக்கம்பை போன்ற ஊர்களில் நிலையாகக் குடியேறுமுன் இவர்கள் நாடோடிகளாய் வாழ்ந்தனர். கழுதைகளின் முதுகில் மூட்டை முடிச்சுகளை ஏற்றி, நாய்கள் பின்தொடர, ஊருக்கு வெளியே மரநிழலில் ஓலைக் கூடாரம் அமைத்துச் சில நாட் தங்குவர். ஆடவர் பாம்பையும் குரங்கையும் ஆட்டுவிப்பர். பெண்டிர் கைரேகை பார்த்துக் குறி சொல்வர். நாகத்தைப் பிடிக்கும்பொழுது, குறித்த காலத்தின்பின் உன்னைக் காட்டிலே விட்டுவிடுவோம் என்று அதற்கு வாக்குக் கொடுத்தே பிடிப்பதாகச் சொல்லும் மரபும் அவர்களிடையே உண்டு. தம் வயிற்றுக்குச் சோறு தரும் உயிருக்குத் தாம் கடன்பட்டவர் என்னும் எண்ணம் அவ்வாக்கிலே அடங்கியிருக்கின்றது.

தெருமுனையில் மகுடி ஒலித்தால் பிள்ளைகள் ஓடிவருவர். கூடையின் மூடி திறக்கும்; நாகம் படம் விரிக்கும்; கூட்டம் ஓரடி பின்வாங்கும். ஆட்டம் முடிந்ததும் சுளகிலே அரிசி வரும், சில்லறை விழும். வட்டையிலே அடுக்கிவைத்த சூட்டுக்குள் பாம்பு கிடக்கிறதென்றாலும், பாழ்ங்கிணற்றுக்குள் விழுந்து கிடக்கிறதென்றாலும் போடியார் ஆள் அனுப்பித் தேடுவது குறவனைத்தான். பாம்பு பிடிபடும்வரை அவன் வேண்டியவன். பிடிபட்ட பின்னரோ, அவன் குடித்த கோப்பையைத் தனியே வைப்போரும் இருந்தனர். கூடைக்குள் இருப்பதற்கு அஞ்சிய ஊர், கூடையைச் சுமப்பவனையும் சேர்த்தே விலக்கியது.

இவ்விரு பகுதியாரில் எவர் பக்கம் நீதி இருக்கின்றது? இதனைத் துணிவதற்கு முன்னர், பாம்பின் இயல்பையும் அச்சத்தின் இயல்பையும் அறிந்துகொள்வது நன்று.

பாம்பை வளர்ப்பவர் சிலர், அது தம்மை அறியும், தம்மிடம் அன்பு காட்டும் என்பர். நாய் எசமானை நேசிப்பதுபோலப் பாம்பு நேசிப்பதில்லை. தன்னைத் துன்புறுத்தாத கைக்கு அது பழகிப்போகும், அவ்வளவே. மகுடி இசையில் அது மயங்குவதும் இல்லை. அதன் பார்வை அசைகின்ற மகுடியின் மேலேயே இருக்கின்றது. பாம்புக்கு வெளிச்செவி கிடையாது. நிலத்தின் அதிர்வை உடலால் உணரும். காற்றில் வரும் ஒலியையும் அது ஓரளவு உணர்கின்றது என்று அவுஸ்திரேலியாவில் நடைபெற்று 2023இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியுள்ளது. பால் அதன் இயற்கை உணவன்று. நச்சுப்பல்லைப் பிடுங்கிவிட்டேன் என்று கூறுபவரின் உறுதியை நம்பவும் இயலாது. விழுந்த பல்லுக்குப் பதில் புதுப்பல் முளைத்துக்கொண்டே இருக்கும். பல்லைப் பிடுங்கிய வாய் புண்ணாகிப் பாம்பு மெல்ல மெல்ல மடிவதும் உண்டு. ஆகவே, ‘என் பாம்பு கடிக்காது’ என்று அயலானுக்குச் சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. எக்காலமும் எச்சரிக்கையாய் இருப்பேன் என்று மட்டுமே சொல்லலாம்.

அச்சமோ வீண் அச்சமன்று. இலங்கையில் நூற்றுக்கு மேற்பட்ட பாம்பினங்கள் இருப்பினும், மனிதரைக் கொல்லவல்லவை ஒரு சிலவே. ஆனால் அந்தச் சிலவும் நெல் விளையும் நாட்டிலே மனிதர் கால்வைக்கும் இடங்களில் வாழ்கின்றன. புடையன் என்றும் கண்ணாடி விரியன் என்றும் வழங்கும் பாம்பு வரப்போரத்திலும் வைக்கோலிலும் எலியை நாடிக் கிடக்கும். கட்டுவிரியன் இரவிலே வீட்டுக்குள் புகுந்து, நிலத்திற் பாய்விரித்து உறங்குவோரைத் தீண்டும். கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ பெரிதும் இராமையால் தீண்டப்பட்டவர் அதனை அறியாமலே இருத்தலும் கூடும். நாடெங்கும் ஏறத்தாழ 44,000 குடும்பங்களிடம் விசாரித்து 2016இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்று, இலங்கையில் ஓராண்டில் சுமார் 80,000 பேர் பாம்புக் கடிக்கு ஆளாவதாகவும், அவருள் 30,000 பேரளவில் நஞ்சேறுவதாகவும், 400க்கு மேற்பட்டோர் உயிரிழப்பதாகவும் மதிப்பிட்டது. இவருள் மிகப் பலர் வயலில் உழைப்போர். தந்தையையோ மகனையோ இவ்வாறு இழந்த ஒரு குடும்பத்தின் முன்னே பாம்புக் கூடையைத் திறந்து, ‘ஏன் அஞ்சுகிறீர்?’ என்று நகைப்பது மனிதத் தன்மை ஆகாது.

அச்சம் பிறவியில் வருவதா, பழக்கத்தில் வருவதா என்பதையும் அறிஞர் ஆராய்ந்துள்ளனர். 1980களில் அமெரிக்காவிலே சூசன் மினேகா என்னும் உளவியல் அறிஞரும் அவர் குழுவினரும் குரங்குகளைக் கொண்டு ஒரு சோதனை நடத்தினர். ஆய்வுகூடத்திற் பிறந்து வளர்ந்த குரங்குகள் பாம்பைக் கண்டு அஞ்சவில்லை. காட்டிலே வளர்ந்த குரங்கு பாம்பைக் கண்டு அலறுவதை அவை ஒருமுறை இருமுறை பார்த்தன. உடனே தாமும் அஞ்சக் கற்றுக்கொண்டன. பூவுக்கு அஞ்சுவதுபோன்ற காட்சியைக் காட்டியபோதோ, பூவுக்கு அஞ்ச அவை கற்கவில்லை. பாம்பின் அச்சத்துக்கு உயிர்களின் உள்ளம் முன்னரே பண்படுத்தப்பட்ட நிலம் போன்றது. ஆயினும் வித்து விழுவது மூத்தோரின் முகத்திலிருந்தே என்பது இதனாற் பெறப்படும். தாயின் அலறலைக் கேட்டே பிள்ளை பாம்பை அறிகின்றது. அதே தாய் முகஞ்சுளித்துக் குறவனின் பிள்ளையைத் துரத்தினால், அந்தப் பாடத்தையும் அவள் பிள்ளை அன்றே கற்றுக்கொள்கின்றது.

கற்ற அச்சத்தைத் தணிக்கவும் வழி உண்டு. அல்பேர்ட் பண்டுரா என்பார் 1960களில் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில், பாம்புக்கு மிக அஞ்சிய மக்களிடையே பல முறைகளைச் சோதித்தார். மிகுந்த பயன் தந்தது ஒரு முறை. அஞ்சாத ஒருவர் முதலிலே பாம்பைக் கையாளுவார். அஞ்சுபவர் தூரத்தில் நின்று பார்ப்பார். பின்னர் அவரே விரும்பி ஒவ்வோர் அடியாக அணுகுவார், கையுறையோடு தொடுவார், இறுதியில் வெறுங்கையாலும் தொடுவார். ஒவ்வோர் அடியும் அஞ்சுபவரின் விருப்பப்படி வைக்கப்பட்டது. பக்கத்திலே துணை நின்றது. இம்முறையில் அச்சம் தணிந்தோர் பலர். நண்பன் அறியாவண்ணம் அவன் கழுத்திலே பாம்பைப் போட்டுச் சிரிப்பவன், அவன் அச்சத்தை ஆயுள் முழுமைக்கும் உறுதிப்படுத்திவிடுகிறான்.

அச்சம் மதிக்கத்தக்கது. ஆனால் அவ்வச்சம் இகழ்ச்சியாய் மாறுமிடத்து அதனை மதிக்க வேண்டியதில்லை. இதற்குத் தமிழகத்திலிருந்து ஓர் எடுத்துக்காட்டு.

செங்கற்பட்டுப் பகுதியிலே இருளர் என்னும் பழங்குடி மக்கள் வாழ்கின்றனர். பாம்பின் தடத்தை மண்ணிலே படிப்பதில் அவர்களை ஒப்பார் அரியர். ஒரு காலத்தில் அவர்கள் பாம்புத் தோலுக்காகப் பாம்பு பிடித்தனர். 1972ஆம் ஆண்டின் இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், அதனைத் தொடர்ந்து வந்த ஏற்றுமதித் தடையும் அத்தொழிலை நிறுத்தின. அவர்கள் பட்டினியை நோக்கிச் சென்ற வேளையில், சென்னைப் பாம்புப் பண்ணையை நிறுவிய ரொமுலஸ் விட்டேக்கர் என்பாரின் முயற்சியால் 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. மாமல்லபுரத்துக்கு அண்மையிலுள்ள வடநெம்மேலியில் அது இயங்கி வருகின்றது. பிடித்த பாம்பை வாயிலே துணி கட்டிய மண்பானையில் வைத்து, சில வாரங்களில் சில முறை நஞ்செடுத்து, அடையாளமிட்டு மீண்டும் காட்டிலே விடுகின்றனர்.

அந்த நஞ்சு மருந்து செய்யும் நிறுவனங்களுக்குச் செல்கின்றது. அங்கே குதிரையின் உடலிற் சிறிது சிறிதாக ஏற்றப்படுகின்றது. குதிரையின் குருதியில் உண்டாகும் எதிர்ப்பொருளிலிருந்து நச்சுமுறி மருந்து தயாராகின்றது. 1890களில் பிரெஞ்சு அறிஞர் அல்பேர்ட் கால்மெட் காட்டிய வழி இது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கும் எதிராக இந்தியாவில் ஆக்கப்படும் இம்மருந்தையே இலங்கை வைத்தியசாலைகளும் நீண்டகாலமாகப் பயன்படுத்தி வருகின்றன. நிந்தவூர் வட்டையிலே தீண்டப்பட்ட உழவர் ஒருவர் வைத்தியசாலைக் கட்டிலில் மீண்டும் கண்திறக்கும்பொழுது, அதற்கு உதவியோருள் கடலுக்கு அப்பால் வெறுங்காலோடு பாம்பு தேடி நடந்த இருளர் ஒருவரும் இருத்தல் கூடும். ஊரார் விலக்கிவைத்த கையே உயிர் காத்த கையாகின்றது.

இன்னுமொரு செய்தி இதனோடு சேர்த்துச் சொல்லத்தக்கது. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்துச் சதுப்பு நிலங்களிலே ஆசியாவைச் சேர்ந்த மலைப்பாம்புகள் பெருகி, அங்குள்ள சிறு விலங்குகளை அழித்து வருகின்றன. செல்லமாக வளர்க்கப்பட்டுத் தப்பியவற்றாலும், வளர்த்தவர் சலித்துக் கைவிட்டவற்றாலும் விளைந்த கேடு அது. அவற்றைப் பிடித்துக் காட்டுமாறு 2017இல் அழைக்கப்பட்டவர் மாசி சடையன், வடிவேல் கோபால் என்னும் இருளர் இருவர். முதல் இரண்டு வாரங்களுள் 13 மலைப்பாம்புகளை அவர்கள் குழு பிடித்தது. 2023இல் இந்திய அரசு அவ்விருவருக்கும் பத்மஸ்ரீ விருது வழங்கியது. செல்வர் விளையாட்டாய் வளர்த்துக் கைவிட்டதைச் சீர்செய்ய, எழுத்தறியா வறியவரின் அறிவு வேண்டியிருந்தது.

வனக்குறவர்க்கு இத்தகைய வாய்ப்புக் கிட்டவில்லை. 1937இல் இயற்றப்பட்டுப் பின்னர் பலமுறை திருத்தப்பட்ட வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் காட்டுயிர்களைப் பிடிப்பதையும் வைத்திருப்பதையும் கட்டுப்படுத்துகின்றது. காட்டுயிரைக் காப்பது தேவையே. அதனோடு நாடோடி வாழ்வும் குறைந்துவிட்டது. பாம்பாட்டம் பார்ப்பாரும் அருகினர். இளைஞர் கூலி வேலைக்கும் வயல் வேலைக்கும் செல்கின்றனர். பிள்ளைகள் பாடசாலைக்குச் செல்கின்றனர். கூடை தோளை விட்டு இறங்கிவிட்டது. ஆனால் ‘பாம்பாட்டி’ என்றும் ‘குறவன்’ என்றும் வசையாகக் கூறும் வழக்கமோ இறங்கவில்லை. அஞ்சுவதற்குப் பாம்பே இல்லாதபோதும் விலக்கிவைத்தல் தொடருமாயின், அதற்குப் பாம்பு ஒருபோதும் காரணமாய் இருந்ததில்லை என்பது வெளிப்படை. வகுப்பறையிலே பக்கத்து வாங்கில் அமர்ந்திருக்கும் பிள்ளையை அவன் பாட்டனின் கூடையைக் கொண்டு அளப்பது கல்வி கற்ற சமுதாயத்துக்கு அழகன்று.

இக்கரையில் வாழும் மக்களின் சமய மரபுகளோ, பாம்பினிடத்தும் பொறுமையைக் கற்பிக்கின்றன. நாகதம்பிரானுக்குப் பால் வைத்து வணங்குவோர் உளர். நாகத்தைக் கொல்லாது காட்டிலே கொண்டுபோய் விடும் பௌத்தர் உளர். மதீனாவின் வீடுகளிற் காணப்பட்ட பாம்புகளை உடனே கொல்லாது மூன்று நாள் எச்சரிக்குமாறு கூறும் செய்தி சஹீஹ் முஸ்லிம் தொகுப்பில் இடம்பெற்றுள்ளது. அறிஞர் அதற்குப் பலவாறு விளக்கம் தருவர். எனினும், பாம்புக்கே தவணை கொடுக்கும் மரபையுடைய மக்கள், அதைப் பிடிக்கும் மனிதனுக்கு ஒரு கோப்பை தேநீரைத் திண்ணையில் வைத்துக் கொடுக்கத் தயங்குவது பொருந்துமா?

ஆகவே, இரு பக்கத்தாருக்கும் கடமை உண்டு. பாம்போடு வாழ்பவர் சட்டத்துக்கு உட்பட்டு வாழ வேண்டும். கூடையின் மூடி உறுதியாய் இருக்க வேண்டும். அயலவர் அறியாமல் எதையும் வைத்திருத்தல் ஆகாது. பிறர் அச்சத்தைக் காசாக்குவதும், வேடிக்கையாக்குவதும் அவருக்குத் தகாது. வளர்த்ததை வேற்று நிலத்திலே கைவிடுவது பெருங்குற்றம். அஞ்சுபவரும் சிலவற்றைக் கற்க வேண்டும். வீட்டைச் சுற்றி எலியும் குப்பையும் சேராது பார்த்தல், இரவிலே விளக்கின்றி நடவாமை, நிலத்திற் படுப்போர் நுளம்பு வலையைப் பாயின் கீழே நன்கு செருகிக்கொள்ளுதல் ஆகியன அச்சத்தைக் காட்டிலும் சிறந்த காவல். தீண்டப்பட்டவரை ஓடவிடாது, தீண்டிய உறுப்பை அசையாமல் வைத்து, இறுகக் கட்டாமலும் கீறாமலும் உறிஞ்சாமலும், விரைந்து வைத்தியசாலைக்குக் கொண்டு செல்ல வேண்டும். பாம்பைத் தேடிக் கொல்வதிற் பொழுது போக்குதல் கூடாது.

வள்ளுவர் கூறிய குடிலை மீண்டும் ஒருமுறை எண்ணிப் பார்ப்போம். அவர் அஞ்சச் சொன்னது குடிலுக்குள் நுழைந்த பாம்பை அன்று. மனம் ஒன்றாமல் ஒருங்கே வாழும் மனிதரின் வாழ்வையே. வயலும் கடலும் நடுவே தெருவுமாக நெருங்கிக் கிடக்கும் இந்த ஊர்களிலே பல இனத்தாரும் பல மொழியினரும் அயலவராய் வாழ்கின்றனர். பாம்பு தன் வழியே போய்விடும், அயலவர் போய்விடுவதில்லை. கூடைக்காரர் தம் மூடியை இறுகக் கட்டட்டும். பக்கத்து வீட்டார் தம் வாசலைத் திறந்து வைக்கட்டும்.